லண்டன் கோடைக் கண்காட்சி: மூட்டுவலி உள்ள அம்மாவோடு ஒரு நாள்

வணக்கம் நண்பரே. ஜூலையில் லண்டனில் ஒரே நாள், அம்மாவுக்கு மூட்டுவலி, எந்த ஓவியக் கண்காட்சிக்குப் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் ராயல் அகாடமி என்ற கலைக்கழகத்தின் கோடைக் கண்காட்சிக்குப் போங்கள். 1769 முதல் ஒரு வருடமும் விடாமல் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் படைப்பை அனுப்பலாம், தேர்வானால் சுவரில் ஏறும். பேர்பெற்ற ஓவியருக்குப் பக்கத்திலேயே யாரும் அறியாத ஒருவரின் படம் தொங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள், தலைக்கு மேல் வரை நெருக்கமாக மாட்டியிருப்பார்கள். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் கண் பூத்துப்போகும். அறைக்கு இரண்டு மூன்று படங்களை அம்மாவையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவற்றின் முன் நிதானமாக நில்லுங்கள். பெரும்பாலானவை விற்பனைக்குத்தான். சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது என்று அர்த்தம்.

அங்கே போக பிக்காடிலி சர்க்கஸ் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்காதீர்கள், படிக்கட்டு அம்மாவுக்குச் சிரமம். கிரீன் பார்க் நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது, அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

தெம்பு மிச்சமிருந்தால் டேட் பிரிட்டன் ஓவிய அருங்காட்சியகத்துக்கும் போங்கள். அனுமதி இலவசம். 1832-இல் இதே கோடைக் கண்காட்சியில் ஆங்கிலேய ஓவியர் டர்னரின் கடல் ஓவியத்துக்குப் பக்கத்தில் தொங்கிய, இன்னொரு ஆங்கிலேய ஓவியர் கான்ஸ்டபிளின் வாட்டர்லூ பாலம் ஓவியம் அங்கேதான் இருக்கிறது.