பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால், விற்றவர் பொறுப்பாவாரா?

பைக்கை விற்றுவிட்டீர்கள், வாங்கியவர் ஆர்சி புத்தகத்தில் பெயரை மாற்றாமலே ஓட்டி விபத்து நேர்ந்ததால், இழப்பீட்டு வழக்கில் உங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. தயவுசெய்து அதை அலட்சியப்படுத்தாதீர்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்பதால், வண்டி பல கை மாறியிருந்தாலும் பொறுப்பு அவருடையதே என்று நவீன் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விபத்து நாளில் காப்பீடு நடப்பில் இருந்ததா என்பதுதான் இப்போது மிக முக்கியம். இருந்திருந்தால், மூன்றாம் நபருக்கான இழப்பீட்டைப் பொதுவாகக் காப்பீட்டு நிறுவனமே கொடுக்கும். விற்பனை ஒப்பந்தம், பணம் வரவான வங்கிப் பதிவு ஆகியவற்றுடன் வழக்கறிஞர் மூலம் தீர்ப்பாயத்தில் ஆஜராகி, வாங்கியவரையும் எதிர்தரப்பில் சேர்க்கக் கோருங்கள்.

விற்ற 14 நாளுக்குள், உரிமை மாற்றத்தைத் தெரிவிக்கும் 29-ஆம் படிவத்தை ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுப்பது விற்றவரின் கடமை; வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுத்துவிடும் வழக்கமே இத்தகைய சிக்கல்களுக்குப் பெரும்பாலும் காரணமாகிறது.