பிறகு மேம்படுத்தும் எண்ணம் இருந்தால் எந்த மதர்போட் எடுப்பது?

கேள்வி: திருகோணமலையில் இருக்கிறேன். வீட்டிலேயே ஒரு கொம்பியூட்டர் பூட்டப் போகிறேன். இப்போது கையில் உள்ள காசுக்குச் சின்னதாகத் தொடங்கி, இரண்டு மூன்று வருடத்தில் புரொசசரையும் ரேமையும் மாற்ற எண்ணம். மதர்போட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் சொக்கெட், அதாவது போட்டில் புரொசசர் உட்காரும் இடம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நானும் திருகோணமலைப் பக்கம், உப்புவெளியில் இருக்கிறேன். 2018 கடைசியில் பூட்டிய மெஷின் இன்றும் அதே போட்டில்தான் ஓடுகிறது. அன்று எடுத்தது ஒரு பி450 போட்டும் ஏஎம்டி கம்பனியின் ரைசன் 3 2200ஜி புரொசசரும். நான்கு கோர்தான், ஆனால் கிராபிக்ஸ் உள்ளேயே இருந்ததால் விஜிஏ கார்ட் செலவு மிச்சம். 2022 கடைசியில் அதைக் கழற்றிவிட்டு ஆறு கோர் உள்ள ரைசன் 5 5600 போட்டேன். போட், பவர் சப்ளை, கேசிங் எதையும் மாற்றவில்லை. இதில் என் கெட்டித்தனம் ஒன்றுமில்லை. அந்தப் போட்டில் உள்ள ஏஎம்4 சொக்கெட் அவ்வளவு காலம் நின்றது: 2017இல் வந்த முதல் ரைசனுக்கும் 2022இல் வந்த 5800எக்ஸ்3டிக்கும் ஒரே சொக்கெட்தான்.

சொக்கெட்டின் பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. இன்டெல்லின் எல்ஜிஏ1151 எடுத்துப் பாருங்கள். 7ஆம் தலைமுறைக்கும் 2017 ஒக்டோபரில் வந்த 8ஆம் தலைமுறைக்கும் அதே பெயர்தான். ஆனாலும் 200 வரிசை போட்டில் 8ஆம் தலைமுறை வேலை செய்யாது, 300 வரிசை போட் வேண்டும்.

இன்றைக்கு வாங்குவதென்றால் நான் ஏஎம்4க்கு அடுத்த சொக்கெட்டான ஏஎம்5 பக்கம்தான் போவேன். 2022இல் வந்தது, 2027க்குப் பிறகும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெல்லின் எல்ஜிஏ1700 12, 13, 14ஆம் தலைமுறைகளோடு முடிந்து, 2024இல் எல்ஜிஏ1851 வந்துவிட்டது. ஒருமுறை பூட்டிவிட்டு ஐந்தாறு வருடம் திறந்தே பார்க்காதவருக்கு இது ஒரு குறையே இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்லவே.

ஏஎம்5க்குள் பி650 அல்லது பி850 சிப்செட் உள்ள போட் போதும். எக்ஸ் வரிசைக்குக் காசு கொட்ட வேண்டாம். ஏ620 மலிவுதான், ஆனால் அவற்றில் சிலவற்றின் மின்சுற்று 65 வாட் புரொசசரை மனதில் வைத்துச் செய்தது. இன்று ஆறு கோர் போட்டு ஓட்டும்போது ஒன்றும் தெரியாது, நாளைக்குப் பெரியதைப் போடும்போதுதான் தெரியும். கச்சான் வீசும் மாதங்களில் நம் அறைகள் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சொக்கெட்டைச் சுற்றி உள்ள மின்சுற்றின் மேல் நல்ல கனமான அலுமினியத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். கலர் லைட்டை விட அது முக்கியம்.

அப்புறம் பயோஸ், அதாவது மெஷினைத் தொடக்கிவைக்கும், போட்டிலேயே உள்ள மென்பொருள். இதைத்தான் எல்லோரும் மறப்பது. பழைய போட் புதிய புரொசசரை அடையாளம் காண வேண்டுமென்றால் பயோஸ் புதுப்பிக்க வேண்டும். என் போட்டில் அதைப் பழைய புரொசசர் உள்ளே இருக்கும்போதே செய்தாக வேண்டும். நானோ 2200ஜியை விற்கப் பேசி, முற்பணமும் வாங்கிவிட்டேன். கொடுப்பதற்கு முதல் நாள் இரவுதான் இது உறைத்தது. அதோடு 2022 என்ன வருடம் என்று தெரியும்தானே. தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. பயோஸ் எழுதும் நடுவில் கரண்ட் போனால் போட் செத்த மாதிரித்தான். மச்சானிடம் யூபிஎஸ் இரவல் வாங்கி, அன்றைய மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்த கையோடு செய்தேன். ஐந்து நிமிட வேலை, வியர்த்துக் கொட்டிவிட்டது.

ஆகவே பின்பக்கம் 'பயோஸ் ஃபிளாஷ்பேக்' பொத்தான் உள்ள போட்டாகத் தேடுங்கள். புரொசசர் இல்லாமலே, பவர் சப்ளையும் ஒரு பென்டிரைவும் இருந்தால் புதுப்பித்துவிடலாம். இது பிற்காலத்துக்கு மட்டுமில்லை. கடையில் நாட்பட்டுக் கிடந்த பி650 போட்டை வாங்கி, 2024இல் வந்த ரைசன் 9000ஐப் போட்டால் முதல் நாளே கறுப்புத் திரைதான் வரலாம்.

ரேமில் நான் விட்ட பிழை வேறு. ரேமுக்கு இரண்டே இடம் உள்ள போட்டில் இரண்டு 4 ஜிபி போட்டேன். 16 ஆக்க வேண்டி வந்தபோது இரண்டையும் அரைவிலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று. அதற்காக ரேமுக்கு நான்கு இடம் இருந்தால் எல்லாம் சரி என்றும் இல்லை. ஏஎம்5இல் டிடிஆர்5 மட்டும்தான் போடலாம். ரைசன் 7000க்கு இரண்டு ரேம் என்றால் ஏஎம்டி சொல்லும் வேகம் 5200, நான்கும் நிரம்பினால் 3600. எனவே இப்போது ஒரே ஒரு 16 ஜிபி போட்டு, பிறகு அதே மாதிரி இன்னொன்று சேருங்கள். விஜிஏ கார்ட் இல்லாமல் உள்ளே உள்ள கிராபிக்ஸில் விளையாடப் போகிறீர்கள் என்றால் மட்டும் தொடக்கத்திலேயே இரண்டாகப் போடுவது நல்லது.

எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடம் இரண்டு இருந்தால் போதும். வைஃபை பிறகும் சேர்க்கலாம். ஆனால் சில போட்களில் இரண்டாவது எம்.2 நிரம்பினால் ஹார்ட் டிஸ்க் மாட்டும் சாட்டா இணைப்புகளில் ஒன்றிரண்டு வேலை செய்யாது. அது பெட்டியில் எழுதியிருக்காது, கையேட்டில் இருக்கும். வாங்கமுன் கையேட்டின் பிடிஎஃபையும் புரொசசர் ஆதரவுப் பட்டியலையும் இறக்கிப் பாருங்கள்.

நம் ஊருக்கென்று ஒன்று: உப்புக் காற்று. எங்கள் ஊர்ப் பெயரிலேயே உப்பு இருக்கிறது, கேசிங் திருகாணிகள் இரண்டு வருடத்தில் துருப்பிடித்துவிட்டன. கடல் பார்த்த யன்னலுக்குக் கீழே மெஷினை வைக்காதீர்கள். போட்டோடு மூடிகள் வந்திருந்தால் பயன்படுத்தாத துளைகளுக்கு அவற்றை மாட்டியே வையுங்கள்.

கொழும்பில் யூனிட்டி பிளாசாவில் விலை குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் வாரண்டிக்குத் திரும்ப அனுப்பும் செலவையும் அலைச்சலையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். சில ஆயிரம் ரூபா வித்தியாசம் என்றால் நான் டவுனிலேயே எடுப்பேன். எங்கே எடுத்தாலும் கடையிலேயே சொக்கெட் மூடியைத் திறந்து பின்களைப் பாருங்கள். ஏஎம்5இல் பின்கள் போட்டின் பக்கம்தான். ஒன்று வளைந்திருந்தாலும் பிறகு உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியையும் எறிந்துவிடாதீர்கள், வாரண்டிக்குக் கொண்டுபோகும்போது கேட்பார்கள்.