டாக்டர் எழுதாத காரணம்

கேள்வி: காற்று மாசால் சென்னையில் வருடத்துக்கு 2,870 பேர் இறக்கிறார்கள் என்று படித்தேன். என் மாமனார் இறந்தபோது டாக்டர் மாரடைப்பு என்றுதான் எழுதித் தந்தார். காற்று மாசு என்று எந்த டாக்டரும் எழுதி நான் பார்த்ததில்லை. அப்புறம் இந்த 2,870 பேரை எண்ணியது யார்?
(வியாசர்பாடி வாசகர்)

பதில்: ஆள் ஆளாக யாரும் எண்ணவில்லை, எண்ணவும் முடியாது. நீங்கள் படித்தது 2024-ல் லான்செட் பிளானட்டரி ஹெல்த் இதழில் வந்த ஆய்வு. சென்னை, டெல்லி, வாரணாசி, சிம்லா உள்பட 10 நகரங்களில் 2008 முதல் 2019 வரை பதிவான சுமார் 36 லட்சம் இறப்புகளை எடுத்து, எந்தத் தேதியில் எத்தனை பேர் என்று வரிசையாக வைத்து, அந்தந்தத் தேதியில் காற்றில் பிஎம் 2.5 எவ்வளவு என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். (பிஎம் 2.5 என்பது மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்விடுகிற நுண்தூசி.) இரண்டு நாள் சராசரித் தூசி கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் அன்றைய இறப்பு 1.42 சதவீதம் கூடுகிறது. ஒரு நாளைக்கு 160 பேர் இறக்கிற ஊர் என்று வைத்துக்கொண்டால் இது இரண்டே சொச்சம் பேர்.

அந்த இரண்டு பேர் யார் என்று ஆய்வாளரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. உங்கள் மாமனார் அதில் ஒருவரா என்றும் சொல்ல முடியாது. டாக்டர் மாரடைப்பு என்று எழுதியதும் பொய் இல்லை. அந்த மாரடைப்பு அன்றைக்கு ஏன் வந்தது என்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பு 15 மைக்ரோகிராம். எல்லா நாளும் அதற்குள் இருந்திருந்தால் எத்தனை இறப்பு குறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டு வந்ததுதான் 2,870. டெல்லிக்கு இதே கணக்கு 12,000-ஐத் தொடுகிறது. நம் நாட்டு வரம்பு 60 என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

காற்று மாசு என்று எழுதவே மாட்டார்களா என்றால், எழுதியிருக்கிறார்கள். லண்டனில் 2013-ல் ஆஸ்துமாவால் இறந்த 9 வயதுச் சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020-ல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பு எழுதினார். பிரிட்டனில் அதுதான் முதல் முறை. ஏழு வருடம் ஆகியிருக்கிறது, பாருங்கள்.

கேள்வி: சிகரெட், சர்க்கரை, பிரஷர் எல்லாம் இருக்கும்போது புகையின் மேல் மட்டும் எப்படிப் பழி போடுகிறார்கள்?
(மடிப்பாக்கம் வாசகி)

பதில்: நல்ல கேள்வி, இந்தத் துறையே இதில்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறது. மேலே சொன்ன தினசரிக் கணக்கில் சென்னையை டெல்லியோடு ஒப்பிடுவதில்லை, சென்னையைச் சென்னையோடுதான் ஒப்பிடுகிறார்கள். செவ்வாய்க்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் நடுவில் ஊரில் சிகரெட் பிடிப்பவர்களோ சர்க்கரை வியாதிக்காரர்களோ கூடிவிடுவதில்லையே. நாளுக்கு நாள் மாறுவது வெயில், குளிர், ஈரப்பதம், பருவம் போன்றவை. அவற்றைக் கழித்தாக வேண்டும். போகி அன்று காலை புகை மட்டுமா வருகிறது, பனியும் மார்கழிக் குளிரும் சேர்ந்தே வருகின்றன. அந்த வாரம் நாலு பெரியவர்கள் கூடுதலாகப் போனால் அது குளிரா, புகையா என்று பிரிக்காமல் பேசினால் அது வெறும் திண்ணைப் பேச்சு.

கேள்வி: என் தாத்தா ஆலைப்புகை சூழ்ந்த எண்ணூரிலேயே இருந்து 91 வயது வாழ்ந்தார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
(திருவொற்றியூர் வாசகர்)

பதில்: தாத்தாவுக்கு என் வணக்கம். ஹெல்மெட் போடாமல் 40 வருடம் வண்டி ஓட்டியவரும் எங்கள் தெருவில் இருக்கிறார்.

கேள்வி: எப்படியும் ஒரு வாரத்தில் போகவேண்டியவர்கள் இரண்டு நாள் முன்னால் போயிருப்பார்கள். இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?
(அண்ணா நகர் வாசகர்)

பதில்: கேட்க முரட்டுத்தனமாக இருந்தாலும் ஆய்வாளர்களே கேட்டுக்கொண்ட கேள்விதான். தினசரிக் கணக்கு மட்டும் இதற்குப் போதாது, வருடக்கணக்கில் மனிதர்களைப் பின்தொடர வேண்டும். ஹார்வர்டு ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். அமெரிக்காவில் ஆறு ஊர்களில் 8,111 பேர், 14 முதல் 16 வருடம். ஒவ்வொருவரிடமும் சிகரெட் பழக்கம், படிப்பு, உடல் எடை எல்லாம் கேட்டு அதையும் கழித்த பிறகு, புகை அதிகமான ஸ்டூபன்வில்லில் இறப்பு விகிதம் சுத்தமான போர்ட்டேஜைவிட 26 சதவீதம் அதிகம். 1993-ல் வெளியானது. இரண்டு நாள் முன்பின் கதை என்றால் இத்தனை வருடக் கணக்கில் அது கரைந்து போயிருக்கும்.

அதற்காக எல்லா எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. அயர்லாந்தின் டப்ளினில் 1990-ல் நிலக்கரி விற்பனையைத் தடை செய்ததும் இதய நோய் மரணம் குறைந்தது என்றார்கள். பிறகு மறுபடி கணக்குப் போட்டதில், தடை இல்லாத இடங்களிலும் அது குறைந்துதான் வந்திருந்தது. மூச்சுக்கோளாறு மரணங்கள் குறைந்தது மட்டும் மறுகணக்கிலும் உண்மை என்று நிலைத்தது. லண்டனில் நேர்மாறு: 1952 டிசம்பர் புகைமூட்டத்தில் 4,000 பேர் என்று முதலில் சொல்லி, அடுத்த சில மாதச் சாவுகளை ஃப்ளூ தலையில் கட்டினார்கள், 2001-ல் வந்த மறுகணக்கு சுமார் 12,000 என்றது.

கேள்வி: ஆலந்தூர் பஸ் டெப்போவில் காற்று மாசை அளக்க வைத்திருக்கும் கருவி என் வீட்டுக் காற்றைப் பற்றி என்ன சொல்லும்?
(கொளத்தூர் வாசகி)

பதில்: பெரிதாக ஒன்றும் சொல்லாது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியில் 2002 முதல் 2004 வரையிலான சென்னைக் கணக்கைப் போட்டவர்களுக்கு இதுதான் தலைவலி: கருவிகளோ கொஞ்சம், அளவு கிடைக்காத நாட்களோ நிறைய. அப்படியும் பிஎம் 10 என்கிற பெருந்தூசி 10 மைக்ரோகிராம் கூடினால் இறப்பு 0.4 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். 2024 ஆய்வு செயற்கைக்கோள் தகவலையும் சேர்த்து ஒரு கிலோமீட்டர் சதுரம் வரை தூசியை மதிப்பிட்டது, கொளத்தூரும் அதில் வந்துவிடும். ஆனால் அளவுகோல் மங்கலாக இருந்தால் பாதிப்பு பெரும்பாலும் குறைவாகத்தான் தெரியும், கூடுதலாக அல்ல.