பிட்சிங் வெட்ஜுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவே விழும் பள்ளம்

கோல்ஃபில் குறுகிய தூரத்துக்கு எடுக்கும் வெட்ஜ் மட்டைகளில், உங்கள் பிட்சிங் வெட்ஜ் 115 கெஜம் போகிறது, 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் 80 கெஜம்; 100 கெஜத்துக்கு எதை எடுப்பதென்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு உங்கள் ஸ்விங்கில் இல்லை. நீங்கள் சொன்ன பிட்சிங் வெட்ஜின் லாஃப்ட், அதாவது மட்டை முகத்தின் சாய்வு, 43 டிகிரி. 56-க்கும் இதற்கும் இடைவெளி மட்டும் 13 டிகிரி. 4 முதல் 5 டிகிரிக்கு ஒரு வெட்ஜ் இருந்தால்தான் தூரம் சீராக இறங்கும்.

56 கைக்குப் பழகியதாயிற்றே, அதை மாற்றாதீர்கள். நடுவில் 48, 52 இரண்டும் சேருங்கள். 48-ஐப் பெரும்பாலும் முழு ஸ்விங்கில்தான் அடிப்பீர்கள், அதனால் உங்கள் அயர்ன் (இரும்புத் தலை மட்டை) செட்டிலேயே வரும் கேப் வெட்ஜ் (இந்த இடைவெளியை நிரப்பும் வெட்ஜ்) கிடைத்தால் அதுவே நல்லது. ஷாஃப்ட் (மட்டையின் தண்டு) எடையும் ஒத்துப்போகும். ஓர் ஆட்டத்துக்கு எடுத்துச்செல்லக்கூடிய 14 கிளப் (மட்டை) வரம்பைத் தாண்டினால் 4 அயர்னை எடுத்துவிடுங்கள். வாங்குமுன் பழைய இரண்டின் லாஃப்டையும் கடையில் அளந்து பாருங்கள், ஒரு டிகிரி முன்னே பின்னே இருக்கலாம்.

அடுத்தது பவுன்ஸ், அதாவது மட்டையின் அடிப்பகுதியான சோல் முன்விளிம்பைவிடக் கீழே இறங்கியிருக்கும் கோணம். இதைத்தான் பலரும் பார்க்காமல் வாங்குகிறார்கள். உங்கள் டிவாட் (அடிக்கும்போது புல்தரை பெயர்ந்த தடம்) ஆழமாக, செங்குத்தாக வெட்டியிருந்தால் 10 முதல் 12 டிகிரி பவுன்ஸ் வேண்டும்; குறைவாக இருந்தால் முன்விளிம்பு மண்ணில் புதைந்து பந்து பாதியிலேயே விழும். புல்லை மேலாக மட்டும் சீவுகிறீர்கள், தரையும் இறுகியது என்றால் 6 முதல் 8 போதும். அங்கே பவுன்ஸ் அதிகமானால் சோல் தரையில் மோதி எழும்பி, முன்விளிம்பு பந்தின் வயிற்றில் அடிக்கும். பந்து குழி இருக்கும் கிரீனைத் தாண்டி ஓடிவிடும்.

மட்டையின் கழுத்தை வளைத்து லாஃப்டைச் சரிசெய்ய நினைத்தால் 2 டிகிரிக்கு மேல் வேண்டாம். லாஃப்டை ஒரு டிகிரி குறைத்தால் பவுன்ஸும் ஒரு டிகிரி குறையும்.