பிறந்தநாள் பலகையை யாராவது நின்று படிக்க வேண்டுமென்றால்

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எங்கள் ஊர்க் கிளை நூலகத்து வாசகர் வட்டத்தின் சார்பில், அந்தந்த மாதம் பிறந்த எழுத்தாளர்கள், இசைக்கலைஞர்கள் பெயரையெல்லாம் பலகையில் எழுதிப் போடுகிறேன். யாரும் ஏறெடுத்துக்கூடப் பார்ப்பதில்லை. என்ன செய்யலாம்? கூடவே எந்தப் புத்தகங்களை எடுத்து வைக்கலாம்?

பதில்: டீச்சர், முதலில் அந்தப் பட்டியலை நிறுத்திவிடுங்கள். பெயரும் தேதியுமாக வரிசையாக எழுதினால் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் குறித்துக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். வாரத்துக்கு ஒருவர் போதும். அவர் எழுதியதில் ஒரே மூச்சில் படித்து முடிக்கிற மாதிரி ஒன்றை, பலகைக்குக் கீழே மேசையில், அந்தப் பக்கத்தைப் பிரித்தே வையுங்கள். அலமாரியில் போய்த் தேடு என்று சொன்னால் யாரும் தேட மாட்டார்கள்.

செப்டம்பரில் ஆரம்பிக்கலாம், அந்த மாதம் உங்களுக்காகவே அமைந்த மாதிரி இருக்கிறது. 9-ஆம் தேதி கல்கி. ஐந்து பாகப் பொன்னியின் செல்வனைப் பார்த்து மலைத்து நிற்பவர்களுக்குப் பார்த்திபன் கனவைக் கொடுங்கள், ஒரே புத்தகம். சரியாக ஒரு வாரம் கழித்து 16-ஆம் தேதி எம்.எஸ். சுப்புலட்சுமி. மீரா படத்தில் அவர் பாடிய ‘காற்றினிலே வரும் கீதம்’ கல்கி எழுதிய பாட்டு என்பதைப் பலகையில் எழுதுங்கள், அன்று மாலை வட்டம் கூடும்போது அந்தப் பாட்டைப் போட்டும் காட்டுங்கள். இசைக்கலைஞரைப் பற்றி எத்தனை வரி எழுதினாலும் அந்த மூன்று நிமிடத்துக்கு ஈடாகாது.

அதே 16-ஆம் தேதிதான் கி. ராஜநாராயணனும் பிறந்தார். இன்னும் ஒரு வாரம் தள்ளி 23-ஆம் தேதி, அவருடைய இடைசெவல் கிராமத்துக்காரரும் பால்ய நண்பருமான கு. அழகிரிசாமி. கி.ரா.வுக்குக் கோபல்ல கிராமம் நாவலை வையுங்கள். அழகிரிசாமிக்கு என்ன வைப்பது என்று யோசிக்கவே வேண்டாம், ‘அன்பளிப்பு’ என்ற சிறுகதைதான். புத்தகம் வைத்திருக்கும் ஒருவரின் வீட்டுக்குப் படையெடுக்கிற குழந்தைகள், அதில் தனக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காத சாரங்கன் என்ற பையன், கடைசியில் அவன் தானே ஒரு டைரியை எடுத்துவந்து நீட்டி, தன் பெயரைப் போட்டு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்லும் இடம். ஒரு நூலகத்தில் இருந்தே ஆக வேண்டிய கதை அது என்று நான் நினைக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் நீங்களே வாசித்துக் காட்டுங்கள், வகுப்பெடுத்த குரல் வீணாகப் போகக்கூடாது.

மற்ற மாதங்களிலும் இப்படி ஜோடிகள் கிடைக்கும். ஏப்ரல் 24 ஜெயகாந்தன், மறுநாள் புதுமைப்பித்தன், இருவருமே பிறந்தது கடலூரில், முந்தைய நாள் 23 உலகப் புத்தக தினம். ‘யுகசந்தி’யையும் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஜூன் 24 கண்ணதாசனுக்கும் எம்.எஸ். விஸ்வநாதனுக்கும் ஒரே பிறந்தநாள், கவிஞர் 1927, மெல்லிசை மன்னர் 1928. இதற்குக் கண்ணதாசன் தன் கதையைத் தானே எழுதிய வனவாசம் போதும், பாட்டுக்கு நான் சொல்லவே தேவையில்லை.

அப்புறம் ஒன்று: பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பே நூலகரிடம் தலைப்பைச் சொல்லிவிடுங்கள். பிரதி வெளியே போயிருந்தால் திரும்பி வர அவகாசம் வேண்டும், இல்லையென்றால் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.