கண்ணை மூடினாலே படபடப்பு: எனக்கு யோகா ஒத்துவராதா?

கேள்வி: எனக்கு வயது 43. தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஒரு வருடமாகக் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டால், மகனின் பிளஸ் டூ, வீட்டுக் கடன், மாமியாரின் முழங்கால் வலி என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும். மனநல மருத்துவர் எஸ்சிட்டாலோபிராம் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறேன், பாதி தேவலை. நாத்தனார் சொன்னாள் என்று யோகா வகுப்பில் சேர்ந்தேன். அங்கே முதலில் கபாலபாதி, அப்புறம் அரை மணி நேரம் கண்ணை மூடித் தியானம். கபாலபாதி செய்தால் தலை சுற்றி விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. தியானத்தில் உட்கார்ந்தால் எண்ணங்கள் இன்னும் அதிகமாகி, எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கிறது. "எண்ணமே இல்லாத நிலை வரவேண்டும். மாத்திரை சாப்பிடும்வரை அது வராது, நிறுத்திவிடுங்கள்" என்கிறார் மாஸ்டர். எனக்கு யோகா ஒத்துவராதா? மாத்திரையை நிறுத்தலாமா? மாதவிடாய் நாட்களில் பயிற்சி செய்யலாமா? (இப்போதெல்லாம் ஏழெட்டு நாள் போகிறது, அதிகமாகவும் போகிறது.)
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். கடிதம் என் கைக்கு வருவதற்குள் நிறுத்தியே விட்டிருப்பீர்களோ என்ற கவலையில் இதை முதலில் சொல்கிறேன். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், இன்றே உங்கள் மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள்.

எஸ்சிட்டாலோபிராம் போன்ற மருந்தை ஒரேயடியாக விட்டால், சில நாட்களிலேயே தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு, தலைக்குள் சுரீரென்று ஷாக் அடித்தது போன்ற உணர்வெல்லாம் வரலாம். இது போதைப் பழக்கம் அல்ல. பழகிய மருந்து திடீரெனக் குறைந்ததற்கு மூளை காட்டும் எதிர்வினை, அவ்வளவுதான். ஆனால் நிறுத்தியவருக்குப் பழைய நோய் இரண்டு மடங்காகத் திரும்பி வந்துவிட்டது என்றே தோன்றும். பதற்ற நோய் நன்றாகக் குறைந்த பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை மருந்தைத் தொடரச் சொல்வோம். அதற்கப்புறம் அளவைப் படிப்படியாகக் குறைப்போம். நீங்களோ இன்னும் 'பாதி தேவலை'யில்தான் இருக்கிறீர்கள். அந்த மீதிப் பாதியை உங்கள் மனநல மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகும் பாதிதான் என்றால், அளவைக் கூட்டுவதா, வேறு சிகிச்சை சேர்ப்பதா என்று அவர் யோசிப்பார்.

மாத்திரை இருந்தால் தியானம் வராது என்பதில் உண்மை இல்லை. நெஞ்சு படபடத்துக்கொண்டிருக்கும் ஒருவரால் ஐந்து நிமிடம்கூட ஓரிடத்தில் உட்கார முடியாது. மருந்து அந்தப் படபடப்பைத் தணித்த பிறகுதான் பலருக்குப் பயிற்சியே கைகூடுகிறது.

இனி கபாலபாதி. அதில் மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுகிறோம். அளவு மீறினால் ரத்தத்தில் இருக்கவேண்டிய கார்பன் டை ஆக்சைடும் தேவைக்கு மேல் வெளியே போய்விடும். அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும். ரத்தத்தின் காரத்தன்மை கூடி, நரம்புகளுக்குக் கிடைக்கும் கால்சியம் குறையும். அதனால் விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரத்து, ஊசி குத்துவது போல இருக்கும். திடீர் பீதி வரும்போதும் உடம்பில் நடப்பது அச்சு அசலாக இதுதான். ஆக, தினமும் காலையில் வகுப்புக்குப் போய் உங்கள் நோயையே ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறீர்கள். உடம்பை அந்த நிலையில் வைத்துவிட்டு, உடனே கண்ணை மூடி அமைதியாக இரு என்றால் எப்படி இருக்கும்?

இது ஆங்கில வைத்தியம் படித்தவனின் குறுக்குக் கேள்வி என்று மாஸ்டர் நினைக்கலாம். சரி, யோக நூலையே பார்ப்போம். 15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோக பிரதீபிகை, கபாலபாதியைப் பிராணாயாமத்தில் சேர்க்கவே இல்லை. நேதி, தௌதி போன்றவற்றோடு ஆறு சுத்திகரிப்புச் செயல்களில் ஒன்றாக வைக்கிறது. அதுவும் உடம்பில் கொழுப்பும் கபமும் மிகுந்தவர்களுக்கு. மற்றவர்களுக்குத் தேவையில்லை என்கிறது. சிங்கம், யானை, புலி ஆகியவற்றைப் பழக்குவதுபோல மூச்சையும் மெல்ல மெல்லத்தான் பழக்கவேண்டும், இல்லாவிட்டால் பழக்குகிறவரையே அது கொன்றுவிடும் என்ற எச்சரிக்கையும் அதே நூலில் இருக்கிறது. உங்களுக்குக் கபாலபாதி வேண்டாம். துருத்திபோல மூச்சை வேகமாக இழுத்து விடும் பஸ்திரிகாவும் வேண்டாம். மூச்சை உள்ளே அடக்கி வைக்கும் எந்தப் பயிற்சியும் இப்போதைக்கு வேண்டாம்.

தியானத்துக்கு வருகிறேன். உங்களைக் குழப்பியிருப்பது 'எண்ணமே இல்லாத நிலை' என்ற பேச்சுதான் என்று நினைக்கிறேன். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் மனத்தின் அசைவுகள் அடங்குவது இரண்டாம் சூத்திரத்திலேயே வந்துவிடுகிறது. அதை மட்டும் படித்துவிட்டு, முதல் நாளே எட்டவேண்டிய இடம் அது என்று பலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த நூலுக்குப் பழைய உரை எழுதிய வியாசர், முதல் பாதம், அதாவது முதல் அத்தியாயம், ஏற்கெனவே மனம் ஒருமைப்பட்டவருக்கு, இரண்டாம் பாதம்தான் மனம் அலைகிறவருக்கு என்று பிரித்தே சொல்கிறார். அலைகிற மனத்தோடு வருகிறவர் யம நியமம் என்ற ஒழுக்க நெறிகள், ஆசனம், பிராணாயாமம் என்று ஏறித்தான் தியானத்துக்கு வரவேண்டும். எட்டு அங்கங்களில் தியானம் ஏழாவது. நீங்கள் நேராக ஏழாவது மாடியில் இறக்கிவிடப்பட்டிருக்கிறீர்கள்.

அதே முதல் பாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஓரிடம் இருக்கிறது. மனத்தைச் சிதறடிக்கும் ஒன்பது தடைகளை வரிசையாகச் சொல்கிறார் பதஞ்சலி. அந்த வரிசையில் முதலில் நிற்பது உடல் நோய். அடுத்த சூத்திரத்தில், மனச் சிதறலோடு கூடவே வரும் நான்கைச் சொல்கிறார்: துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், சீர்கெட்ட மூச்சு. வெளிநோயாளிப் பிரிவில் பதற்ற நோய்க்காரரிடம் நாங்கள் கேட்டு எழுதிக்கொள்வதும் ஏறக்குறைய இவைதான். நெஞ்சு படபடப்பை மட்டும் அவர் விட்டுவிட்டார்.

பிறகு தீர்வுகளை அடுக்குகிறார். சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லது செய்பவரைக் கண்டு மகிழ்ச்சி, தீயது செய்பவரைப் பொருட்படுத்தாமை என்பது ஒரு வழி. மூச்சை மெல்ல வெளியே விட்டு நிறுத்துவது இன்னொரு வழி. கடைசியாக, உனக்குப் பிடித்த எதன்மீதாவது மனத்தை வை என்றுகூடச் சொல்கிறார். ஒரு வழி ஒத்துவராவிட்டால் இன்னொன்று இருக்கிறது. உங்களுக்கு யோகா ஒத்துவரவில்லை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதில் ஒரு வழி ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கு மூச்சை வெளியே விடும் வழியைத்தான் நான் சொல்வேன். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், வெளியே விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும். வேகஸ் என்ற நரம்பின் வேலை இது. வெளிமூச்சை நீட்டினால் அந்த நரம்புக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அது ஆறு அளவுக்குக் குறையும்போது, ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் சமன்செய்யும் அனிச்சைச் செயல் நன்றாக வேலை செய்கிறது. மனத்துக்கு நேராகக் கட்டளையிட யாராலும் முடியாது. 'பதறாதே' என்று நம் வீட்டில் எத்தனை பேர் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள், எப்போதாவது பலித்ததா? ஆனால் மூச்சு தானாகவும் நடக்கும், நாம் சொன்னாலும் கேட்கும்.

செய்முறை இதுதான். முதலில் பத்து நிமிடம் உடம்பை அசையுங்கள். நின்றுகொண்டு மூச்சை இழுத்தபடி கைகளை மேலே தூக்கி, விட்டபடி இறக்குவது. முழங்காலும் கைகளும் தரையில் ஊன்றி, முதுகைப் பூனைபோல மேலே வளைத்துப் பிறகு தாழ்த்துவது. இரண்டு போதும். மொட்டை மாடியில் நடந்தாலும் சரி. பதற்றத்தோடு இருக்கும் உடம்பு கொஞ்சம் அசைந்த பிறகுதான் அடங்கும். அப்புறம் நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பட உட்காருங்கள். பத்மாசனம் கட்டாயமில்லை. யோக சூத்திரத்தில் ஆசனத்தைப் பற்றியே மூன்று சூத்திரங்கள்தான். நிலையாகவும் சுகமாகவும் இருந்தால் போதும் என்கிறது. கண்ணை மூடவேண்டாம். எதிரே ஒரு செடியோ, விளக்கோ, ஜன்னல் கம்பியோ, எதையாவது பார்த்துக்கொண்டிருங்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். முட்டினால் மூன்றும் ஐந்தும் வைத்துக்கொள்ளுங்கள். ஆழமாக இழுக்கவேண்டும் என்பதில்லை. ஆழமாக இழுத்தால் பழையபடி தலை சுற்றும். மெதுவாக, சத்தமில்லாமல், அவ்வளவுதான். ஐந்து நிமிடம், காலை மாலை இரண்டு வேளையும், வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே இல்லாமல். இரண்டு மூன்று வாரம் இது பழகிவிட்டால், வெளிமூச்சில் வண்டு ரீங்காரம்போல மெல்ல முனகும் பிராமரியைச் சேர்க்கலாம். முனகும்போது வெளிமூச்சு தானாகவே நீளும்.

இடையில் வீட்டுக் கடன் ஞாபகத்துக்கு வரும். கட்டாயம் வரும். வந்தது தெரிந்ததும் எண்ணிக்கைக்குத் திரும்புங்கள். ஐந்து நிமிடத்தில் நாற்பது முறை போய்த் திரும்பினால், நாற்பது முறை பயிற்சி செய்தீர்கள் என்று அர்த்தம். இந்தத் திரும்புதலை நெடுநாள், விடாமல், அக்கறையோடு செய்தால்தான் அது உறுதிப்படும் என்கிறார் பதஞ்சலி. பயிற்சியோடு அவர் கூடவே வைப்பது வைராக்கியம், அதாவது பற்றை விடுவது. உங்கள் விஷயத்தில் நீங்கள் முதலில் விடவேண்டியது 'இன்று தியானம் நன்றாக வந்ததா' என்று தினமும் மதிப்பெண் போடுவது. ஆசிரியைக்கு இது கஷ்டம்தான், புரிகிறது.

மூன்று மணி விழிப்புக்கும் இதே மூச்சுதான். படுத்தபடி பதினைந்து இருபது நிமிடம் செய்தும் தூக்கம் வராவிட்டால், எழுந்து மங்கிய வெளிச்சத்தில் வேறு இடத்தில் உட்காருங்கள், கண் சொக்கியதும் திரும்பிப் போங்கள். செல்போனைத் தொடாதீர்கள், மணியையும் பார்க்காதீர்கள். மாலை காபியை நிறுத்திப் பாருங்கள். படபடப்புக்காரர்களுக்குக் காபி செய்யும் கெடுதலை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம்.

யோகாவால் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? அமெரிக்காவில் பொதுப் பதற்ற நோய் உள்ள 226 பேரிடம் 12 வாரம் நடந்து, 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. மன அழுத்தம் பற்றிய பாடம் மட்டும் கேட்டவர்களில் 33 சதவீதம் பேருக்கும், குண்டலினி யோகா செய்தவர்களில் 54 சதவீதம் பேருக்கும், சிபிடி எனப்படும் பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 71 சதவீதம் பேருக்கும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. யோகா உதவுகிறது, ஆனால் முதலிடம் அதற்கில்லை. ஆகவே மருத்துவரைப் பார்க்கும்போது சிபிடி பற்றியும் கேளுங்கள். நேரில் வசதி இல்லாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். சாகத் தோன்றுகிறது என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால், இரவு பகல் பார்க்காமல் அந்த எண்ணை அழையுங்கள்.

மாஸ்டரை மாற்றவேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 'எனக்குக் கபாலபாதி வேண்டாம், கண்ணைத் திறந்தபடி உட்காருகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் அங்கேயே தொடரலாம். மறுபடியும் மாத்திரைப் பேச்சை எடுத்தால் வேறு இடம் பாருங்கள். பல அரசு மருத்துவமனைகளில் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது, அங்கே இதற்கென்றே பட்டம் படித்த மருத்துவர்கள் இருப்பார்கள். பத்து நாள் மௌன முகாம் மாதிரியான தீவிரப் பயிற்சிகளுக்கு இப்போது போகவேண்டாம். குடும்பத்தில் யாருக்காவது இருதுருவ மனநோயோ மனச்சிதைவோ இருந்திருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லாமல் எப்போதுமே போகவேண்டாம்.

மாதவிடாய் நாட்களில் இந்த மூச்சுப் பயிற்சியைத் தாராளமாகச் செய்யலாம், ஒரு தடையும் இல்லை. ஆனால் நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட விஷயம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 43 வயதில் ஏழெட்டு நாள் அதிகமாகப் போகிறது என்றால் ரத்தசோகை வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ரத்தசோகை மட்டுமே நெஞ்சைப் படபடக்க வைக்கப் போதும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு வரும், குறைவாகச் சுரந்தால் மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகமாகலாம். எஸ்சிட்டாலோபிராமும் சிலருக்கு ரத்தப்போக்கைச் சற்றுக் கூட்டலாம், அதற்காக அதை நீங்களாக விடவேண்டாம், மருத்துவரிடம் சொன்னால் போதும். இந்த வாரமே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு) மூன்றையும் பாருங்கள், இதுவரை ஈசிஜி எடுக்கவில்லை என்றால் ஒன்று எடுத்துவிடுங்கள். அறிக்கைகளோடு முதலில் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்துக் கர்ப்பப்பை ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள், அப்புறம் அதே அறிக்கைகளை மனநல மருத்துவரிடமும் காட்டுங்கள்.