கை ஓய்வில் இருக்கும்போது கணினியைக் குரலால் நடத்துவது எப்படி?

கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "வலது மணிக்கட்டில் கார்ப்பல் டனல் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் இரண்டு மாதத்துக்கு டைப் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். 1950களில் அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வேலை பாதியில் நிற்கிறது. விண்டோஸ் 11 லேப்டாப் இருக்கிறது. கையே வைக்காமல், தமிழிலேயே பேசிக் கணினியை இயக்க முடியுமா? மகன் வாங்கித் தந்த புளூடூத் ஹெட்செட் போதுமா?"

அம்மா, கடிதங்களைத் தமிழில் சொல்லி ஏற்றலாம். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் "இந்தக் கோப்பைத் திற", "கீழே போ" என்று தமிழில் ஆணையிட்டால் விண்டோஸ் கேட்காது. ஆணை ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். சொல்வதை எழுதிக்கொள்வது ஒரு வேலை, சொன்னபடி நடப்பது வேறொரு வேலை. இரண்டுக்கும் கணினியில் தனித்தனிக் கருவிகள். குரல் தட்டச்சை முயன்று பார்த்து ஒரே வாரத்தில் கைவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்பியவர்கள் அவர்கள்.

முதலில் ஆணை. விண்டோஸ் 11இல் வாய்ஸ் அக்சஸ் என்ற வசதி 22எச்2 பதிப்பிலிருந்து இருக்கிறது. செட்டிங்ஸில் அக்சஸபிலிட்டி, அதற்குள் ஸ்பீச் என்று போனால் கிடைக்கும். முதல் தடவை மொழிக் கோப்பை இறக்கிக்கொள்ள மட்டும் இணையம் வேண்டும். அதற்குப் பிறகு இணையம் இல்லாமலே வேலை செய்யும். மொழி கேட்கும் இடத்தில் இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கத்தில் அமெரிக்க உச்சரிப்பு ஒன்றுதான் இருந்தது, 2023இல் நம் உச்சரிப்பும் சேர்ந்தது. நாக்கைச் சுழற்றிப் பேச வேண்டியதில்லை, வகுப்பறையில் பேசிய ஆங்கிலமே போதும். தமிழ் இன்னும் இந்தப் பட்டியலில் இல்லை. எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழியில் ஒரு கணினியைத் திறக்கவோ மூடவோ சொல்ல முடியவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

கட்டளைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. உங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். "ஓப்பன் குரோம்", "ஸ்க்ரோல் டவுன்", "பிரஸ் என்டர்", "அன்டூ தட்", "க்ளோஸ் விண்டோ" இவையெல்லாம் சொன்னால் நடப்பவை. இவற்றைவிட முக்கியமானது "ஷோ நம்பர்ஸ்". அதைச் சொன்னதும் திரையில் சொடுக்கக்கூடிய ஒவ்வொரு பொருளின் மேலும் ஒரு சிறு எண் வந்து உட்காரும். எண்ணைச் சொன்னால் அந்த இடம் சொடுக்கப்படும். எதற்கு என்ன பெயர் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை. எண் விழாத இடம் ஏதாவது இருந்தால் "ஷோ கிரிட்". திரை ஒன்பது கட்டமாகப் பிரியும், கட்டத்தின் எண்ணைச் சொல்லச் சொல்ல அந்த இடம் மேலும் மேலும் சிறு கட்டங்களாகப் பிரிந்து நெருங்கிவரும்.

என் பெரியப்பா வலது கையில் மாவுக்கட்டோடு இருந்தபோது இதைச் சொல்லிக்கொடுத்தேன். "ஷோ நம்பர்ஸ்" என்றார்; எண்கள் வந்தன. அவருக்கு வேண்டிய கோப்பின் மேல் 14 இருந்தது. "பதினாலு" என்றார். ஒன்றும் அசையவில்லை. கொஞ்சம் சத்தமாக, "பதினாலு!" திரை அப்படியே இருந்தது. நான் மெதுவாக "ஃபோர்ட்டீன் பெரியப்பா" என்றேன். அவர் சொன்னதும் கோப்பு திறந்தது. பிறகு இரண்டு நாளில் பழகிவிட்டார். இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் உண்டு: கணினி கேட்கவில்லை என்றால் நாம் எல்லோரும் முதலில் குரலைத்தான் உயர்த்துகிறோம். குரலை உயர்த்தினால் பயன் இல்லை, தொண்டைதான் கெடும். நின்று, எந்த மொழியில் சொன்னோம், என்ன சொன்னோம் என்று பாருங்கள்.

இன்னும் இரண்டு ஆணைகளைக் கட்டாயம் மனப்பாடம் செய்யுங்கள். "வாய்ஸ் அக்சஸ் ஸ்லீப்" என்றால் அது காதை மூடிக்கொள்ளும். "வாய்ஸ் அக்சஸ் வேக் அப்" என்றால் மறுபடி திறக்கும். இதைச் சொல்லாமல் வீட்டில் யாரிடமாவது பேசினாலோ, பால்காரருக்குப் பதில் சொன்னாலோ, அதுவும் ஆங்கில எழுத்தில் ஏதோவாக உங்கள் கோப்பில் ஏறிவிடும்.

இனி எழுத்து. தமிழில் சொல்லி எழுத உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. விண்டோஸ் 11இல் விண்டோஸ் கீயையும் எச் கீயையும் சேர்த்து அழுத்தினால் வரும் வாய்ஸ் டைப்பிங் ஒன்று. அதன் மொழிப் பட்டியலில் தமிழ் உண்டு. இன்னொன்று கூகுள் டாக்ஸ்: குரோமில் ஓர் ஆவணத்தைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங். இரண்டுக்கும் இணையம் வேண்டும். கூகுளின் குரல் உள்ளீட்டில் தமிழ் 2017 ஆகஸ்டில் சேர்ந்தது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாட்டுக்கொரு தமிழ் அதில் இருக்கிறது. நீங்கள் இந்தியத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கும் கூகுள் டாக்ஸ்தான் வழி, அதிலுள்ள விண்டோஸ் எச்சில் தமிழ் கிடையாது.

ஆனால் வாய்ஸ் அக்சஸும் தமிழ்த் தட்டச்சும் ஒரே லேப்டாப்பில், ஒரே மைக்கில் சேர்ந்து விழித்திருந்தால் குழப்பம்தான். நீங்கள் பேசும் தமிழை ஆங்கிலக் காது ஒன்றும் கேட்டுக்கொண்டிருக்கும். ஆகவே நான் சொல்லும் ஏற்பாடு இது. கூகுள் டாக்ஸ் ஆவணத்தை லேப்டாப்பில் திறந்துவைத்துவிட்டு வாய்ஸ் அக்சஸைத் தூங்கச் சொல்லுங்கள். அதே ஆவணத்தை உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் திறங்கள். போனில் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, மைக் படத்தை இடது கை ஆட்காட்டி விரலால் ஒரு தட்டு தட்டிப் பேசுங்கள். போனில் பேசப் பேச லேப்டாப் திரையில் பெரிய எழுத்தில் வரிகள் வந்துகொண்டே இருக்கும். ஒரு கடிதம் முடிந்ததும் மைக்கை நிறுத்திவிட்டு வாய்ஸ் அக்சஸை எழுப்பி, நகர்த்துவது, திருத்துவது எல்லாம் செய்யுங்கள். விரல் பட வேண்டியது அந்த ஒரு தட்டுக்கு மட்டும்தான். அதற்கும் வலது கையை நீட்டாதீர்கள்.

சொல்லும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வெற்றியும் தோல்வியும் இங்கேதான். 1997இல் டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங் என்ற குரல் தட்டச்சு மென்பொருள் வருவதற்கு முன்பு, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசினால்தான் இந்த வகை மென்பொருள்கள் எழுதும். மாணவர்களுக்குச் சொல்வதெழுதுதல் நடத்திய பழக்கத்தில் நீங்களும் அப்படித்தான் தொடங்குவீர்கள். வேண்டாம். இப்போதைய கருவிகள் ஒரு சொல்லை அதன் முன்னும் பின்னும் வரும் சொற்களை வைத்துத்தான் முடிவு செய்கின்றன. "மனம்" என்று தனியாகச் சொன்னால் மனமா மணமா என்று அதற்குத் தெரிய வழியில்லை. "கடிதம் கண்டு மனம் நிம்மதி அடைந்தது" என்று ஒரே மூச்சில் சொன்னால் பெரும்பாலும் சரியாக வரும். ஒரு தொடரை முழுசாக மனத்தில் வாங்கிக்கொண்டு, செய்தி வாசிப்பவர் வேகத்தில் சொல்லுங்கள்.

பேச்சுத் தமிழில் சொன்னால் தடுமாறும். "போயிட்டு வந்துர்றேன்" அதற்குக் கடினம், "போய்விட்டு வருகிறேன்" எளிது. இதில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: நீங்கள் படிக்கப்போவது ஏற்கெனவே எழுதப்பட்ட கடிதங்கள். எழுத்துத் தமிழை உரக்கப் படிப்பதைவிட இந்தக் கருவிக்கு உகந்த வேலை வேறில்லை.

எதிர்பார்க்க வேண்டிய பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். வல்லின ஒற்று அடிக்கடி விடுபடும். நீண்ட வினைச்சொற்களைத் தன்னிஷ்டத்துக்குப் பிரிக்கும், சேர்க்கும். தமிழில் சொல்லும்போது காற்புள்ளி, முற்றுப்புள்ளியைக் கூகுள் டாக்ஸில் வாயால் சொல்லிப் போட முடியாது. அந்த வசதி ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற சில மொழிகளுக்கு மட்டுமே. தமிழாசிரியையான உங்களுக்கு முதல் பக்கத்தைப் பார்த்ததும் சிவப்பு மையைத் தேடத் தோன்றும். தயவுசெய்து அப்போதே திருத்த உட்காராதீர்கள். இப்போது கடிதங்கள் முழுவதும் உள்ளே ஏறட்டும். ஒற்றும் நிறுத்தக்குறியும் கை குணமான பிறகு போட்டுக்கொள்ளலாம். பொருள் மாறிப்போன இடங்களை மட்டும் உடனே சரிசெய்யுங்கள். அப்போதும் பிழையான ஒரு சொல்லை மட்டும் சொல்லாமல், அந்தத் தொடரையே அழித்துவிட்டு மறுபடி முழுசாகச் சொல்லுங்கள்.

சரிபார்க்க, கடிதத்தின் நகலை மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியில் திறந்து ரீட் அலவுட் கொடுங்கள். பல்லவி, வள்ளுவர் என்ற பெயர்களில் தமிழ்க் குரல்கள் அதில் இருக்கின்றன. கண்ணை மூடிக் கேட்டால் விடுபட்ட சொல் உடனே தெரியும். ஆனால் மனம், மணம், அரம், அறம் போன்றவை காதில் தப்பிவிடும், அவற்றுக்குக் கண்தான் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாமல் முதலில் கேளுங்கள், மறுநாள் பாருங்கள்.

அப்பாவின் கடிதங்களில் மா, வேலி, கலம், மரக்கால் என்று பழைய நில, நெல் அளவுகளெல்லாம் வரக்கூடும். சின்னச் சின்ன ஊர்ப் பெயர்கள் வரும். கருவி தடுமாறுவது இங்கேதான். ஒரே பெயர் பத்துத் தடவை பத்து விதமாக விழுந்தால் திருத்தி மாளாது. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன்: மாற்றுப் பெயர் சொல்லுங்கள், பிறகு மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தமிழில் வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் கடைசி மாறும் என்பதை நினைவில் வைத்து மாற்றுப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கதிராமங்கலம் என்பதில் அது இடறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "சத்தியமங்கலம்" என்றே சொல்லிக்கொண்டு போங்கள், பரவலாகத் தெரிந்த பெயர், பிழையில்லாமல் விழும். கடைசியில் "சத்திய" என்பதைத் தேடி "கதிரா" என்று மாற்றச் சொன்னால், மங்கலம், மங்கலத்தில், மங்கலத்துக்கு எல்லாம் அப்படியே பொருந்திவிடும். "சத்தியமாக" என்று அப்பா எங்காவது எழுதியிருந்தால் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தேடும் சொல்லை "சத்தியமங்கல" என்றும், மாற்றும் சொல்லை "கதிராமங்கல" என்றும் நீட்டிக்கொண்டால் அந்தச் சிக்கலும் வராது.

ஹெட்செட் பற்றி. புளூடூத்தில் மைக்கும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியதும் இணைப்பு போன் பேசும் முறைக்கு மாறி, ஒலியின் தரம் இறங்கிவிடுவது வழக்கம். காதில் கேட்க அது போதும், சொல்லி எழுத யுஎஸ்பி வயரோடு வரும் சாதாரண ஹெட்செட்டே மேல். மைக் உதட்டின் ஓரத்தில், இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும். நேர் எதிரே இருந்தால் மூச்சு மோதும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள். போனில் பேசும்போது போனைக் கையில் பிடிக்காமல், ஒரு சாய்வுத் தாங்கியில் வைத்து ஒரு சாண் தூரத்தில் பேசினால் போதும்.

இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி வெந்நீர் குடியுங்கள். பல்லாண்டு வகுப்பெடுத்த தொண்டை உங்களுடையது. கைக்கு ஓய்வு கொடுக்கப் போய்த் தொண்டையைக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு.

வாய்ஸ் அக்சஸில் உங்கள் குரல் லேப்டாப்புக்குள்ளேயே நிற்கிறது. தமிழ்த் தட்டச்சில் குரல் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் எழுத்தாகத் திரும்புகிறது. அதனால் ஆதார் எண், வங்கி விவரம், ஓடிபி எதையும் இப்படிச் சொல்லி எழுத வேண்டாம். பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்லும் நிலையே வராமல் லேப்டாப் விரல்ரேகையிலோ முகம் பார்த்தோ திறக்கும்படி மகனிடம் அமைக்கச் சொல்லுங்கள்.

ஒன்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1950களின் கடிதங்களில் ணை, லை, ளை, னை எல்லாம் பழைய யானைக்கொம்பு எழுத்தில் இருக்கும். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல்தான். குரலில் சொன்னால் எல்லாமே இன்றைய எழுத்தில் வரும். அப்பாவின் எழுத்து வராது. சொல்லத் தொடங்குவதற்கு முன்பு ஒவ்வொரு கடிதத்தையும் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், மடிப்பைப் பிரித்து வீட்டில் யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தைக் கடிதத்தின் தேதியோடு அதே ஆவணத்தின் தலையில் ஒட்டிவிட்டு, அதற்குக் கீழே படிக்க ஆரம்பியுங்கள்.